பெர்லின் களப்பயணம்: மாணவர்கள் நடத்தும் நகர நடைக்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?

வடக்குக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வசந்தத்தில் இரண்டாமாண்டு மாணவர்களைப் பெர்லினுக்குக் கூட்டிப்போவது வழக்கம். மாணவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார்கள். மற்ற மாணவர்களையும் எங்களையும் அரை மணி நேரம் அங்கே நடத்திக் கூட்டிப்போவார்கள். நானும் சக ஆசிரியர் ஒருவரும் பின்னாலேயே போய் அட்டையில் குறித்து மதிப்பெண் போடுவோம்.

எங்கள் அட்டை இப்படி: உள்ளடக்கம் 40, பேச்சும் விளக்கமும் 30, பாதைத் தேர்வு 15, கேள்விக்குப் பதில் 15. காகிதத்தில் பார்த்தால் குறை தெரியாது. தெருவில் இறங்கினால்தான் வம்பு.

இந்த முறை ஒரு குழு செக்பாயிண்ட் சார்லியில் நின்றது; பனிப்போர்க் காலத்தில் கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் நடுவே இருந்த எல்லைச் சாவடி அது. நல்ல குரல், நல்ல நகைச்சுவை. 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கியும் சோவியத் டாங்கியும் எதிரெதிரே நின்ற கதையைச் சொன்னபோது அந்தப் பக்கம் போன சுற்றுலாப் பயணிகள்கூட நின்று கேட்டார்கள். ஆனால் கடைசியில் வெள்ளைக் காவல்கூண்டைக் காட்டி, "பனிப்போர் முழுக்க இங்கேயே நின்ற கூண்டு இது" என்று முடித்தார்கள். அது நகல். உண்மைக் கூண்டை 1990இல் கிரேன் வைத்துத் தூக்கிவிட்டார்கள். இப்போது நகரின் தென்மேற்கில் நேச நாடுகள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு குழு எல்லை ஓடிய பெர்னாவர் ஸ்ட்ராஸெ என்ற தெருவில். காற்று பிய்த்துக்கொண்டு போனது. பேசிய பையன் போனைப் பார்த்தே வாசித்தான்; பாதி காதில் விழவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தார்கள். பழைய வீடுகளின் முன்சுவர் இருந்த கோட்டைத் தரையில் காட்டி, எல்லோரையும் அதில் முதுகு வைத்த மாதிரி வரிசையாக நிற்கச் சொன்னார்கள். "உங்கள் முதுகுக்குப் பின்னால் கிழக்கு. ஒரு அடி எடுத்து வைத்தால் நடைபாதை, அது மேற்கு." பெர்லின் சுவர் எழுந்த 1961 ஆகஸ்டில் மக்கள் ஏன் ஜன்னலிலிருந்து குதித்தார்கள் என்பதற்கு அதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை.

முதல் குழுவுக்குச் சக ஆசிரியர் 72, நான் 61. இரண்டாவதுக்கு அவர் 54, நான் 66. எங்கள் ஊரில் 70 தொட்டால் முதல் வகுப்பு, 60க்குக் கீழே போனால் அடுத்த படி. ஒரு மாணவனின் பட்டத்தின் தரமே ஆடும் வித்தியாசம் இது. உட்கார்ந்து பேசி நடுவில் ஒரு எண்ணுக்கு வந்தோம், ஆனால் அந்த நடு எண் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

---

அளவுகோல்

கல்வியியல் துறையிலிருந்து எழுதுகிறேன். ரெண்டு பேரில் யார் சரி என்பதை விடுங்கள். ரெண்டு பேரும் வேறு வேறு பொருளை அளந்திருக்கிறீர்கள், அதுதான் கோளாறு.

"பேச்சும் விளக்கமும் 30" என்ற வரியைப் பாருங்கள். அந்த 30 அந்த வரியோடு நிற்காது. குரல் நன்றாக இருந்தால் உள்ளடக்கமும் நன்றாக இருக்கிற மாதிரி காதுக்குப் படும். அங்கேயும் நாலு மதிப்பெண் ஏறும். கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் அங்கேயும் ஏறும். கடைசியில் 100க்கு 50 மேடைப் பேச்சுக்குப் போயிருக்கும். மேடைப் பேச்சுதான் பாடத்தின் நோக்கம் என்றால் சரி. உங்கள் பாடத்திட்டத்தில் கற்றல் விளைவு என்ன எழுதியிருக்கிறது? "இடத்தைச் சான்றாக வைத்து வாதிடும் திறன்" என்ற மாதிரி ஏதாவது இருந்தால், பேச்சுக்கென்று தனி வரியே வேண்டாம். "பின்வரிசையில் நிற்பவருக்குக் கேட்டதா, பார்க்க வேண்டியது தெரிந்ததா" என்று ஒரு குறைந்தபட்ச நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். தேறியது, தேறவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. நடை முடிந்த கையோடு ரெண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எண்ணை எழுதி மூடிவிட வேண்டும். காபிக் கடையில் உட்கார்ந்து "எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பித்தால் வயதில் மூத்தவர் எண்தான் ஜெயிக்கும்.

---

கால்நடை

(பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், காலால் நடந்து சம்பாதிக்கிறவன்.) ஐரோப்பாவில் நடைப்பயண வழிகாட்டி வேலை. அளவுகோல் சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

பேச்சுக்கு மதிப்பெண் கூடாது, சரி. ஆனால் கூட்டத்தைக் கையாளுவது பேச்சு இல்லை, அது தனித் தொழில். எங்கே நிற்கிறாய்? வெயில் யார் கண்ணில் அடிக்கிறது? பேருந்து திரும்புகிற மூலையா, உள்ளே தள்ளின வாசலா? கடைசி ஆள் வந்து சேரும்முன் பேச்சை ஆரம்பித்துவிட்டாயா?

பேபல்பிளாட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1933 மே 10 அன்று நாஜிகள் புத்தகம் எரித்த சதுக்கம். அங்கே சிற்பி மிக்கா உல்மன் 1995இல் செய்த நினைவுச்சின்னம் தரைக்குக் கீழே இருக்கிறது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் வெறும் வெள்ளை அலமாரிகள், சுமார் 20,000 புத்தகம் கொள்ளும் இடம், ஒன்றுகூட இல்லை. நல்ல வெயிலில் போனால் கண்ணாடியில் வானமும் நம் முகமும்தான் தெரியும். முப்பது பேரைச் சுற்றி நிறுத்தினால் முன்னால் இருக்கிற ஆறேழு பேர் பார்ப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் முதுகைப் பார்ப்பார்கள். ஒத்திகை பார்த்த குழு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கும்: ஒரு பாதி கண்ணாடிக்கு, மறு பாதி எதிரே பல்கலைக்கழகத்தையும் ஆப்பராவையும் பார்த்து நின்று, எரித்தவர்களில் மாணவர்கள் இருந்ததைப் பேசும். ஒத்திகை பார்க்காத குழு, "கீழே அலமாரி இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நகரும். இந்த வித்தியாசத்துக்கு மதிப்பெண் கொடுக்காமல் எதற்குக் கொடுப்பீர்கள்?

உங்கள் பெர்னாவர் குழு போனைப் பார்த்து வாசித்தது பரவாயில்லை. ஆட்களை நிறுத்தின இடம் சரி. எனக்கு அந்தப் பையன்களை வேலைக்கு எடுக்கலாம் போலிருக்கிறது. சார்லி குழுவை எடுக்க மாட்டேன். அந்தக் கூண்டுக்கு முன்னால் அந்த மாதிரி பேச ஏற்கெனவே ஊர்பட்ட ஆள் இருக்கிறான்.

---

மூணாம்வருஷம்

மாணவர் பக்கத்திலிருந்து ஒரு குரல். போன வருஷம் இதே மாதிரி பெர்லின் நடை செஞ்சேன் (வேற காலேஜ், சார் பயந்துக்க வேண்டாம்).

யாரும் பேசாத ஒரு விஷயம்: வரிசை. காலைல முதல்ல போற குழுவுக்கு எல்லாரும் தெம்பா இருப்பாங்க. சாயங்காலம் கடைசியா போற குழுவுக்குக் கால் வலி, பசி, குளிர். கேள்வி கேக்கக்கூட ஆள் இருக்காது. "பார்வையாளர்களை ஈடுபடுத்தினார்களா"ன்னு அட்டைல ஒரு வரி இருந்துச்சு எங்களுக்கு. செத்துப்போய் நிக்கிறவங்களை எப்படி ஈடுபடுத்துறது? ஆனா கடைசிக் குழுவுக்கு ஒரு லாபமும் இருக்கு. முன்னாடி போனவங்ககிட்ட கேட்ட கேள்வியெல்லாம் தெரிஞ்சுபோயிடும்.

அப்புறம் ஆங்கிலம். எங்க குழுவுல ரெண்டு பேருக்கு அது மூணாவது மொழி. பேச்சு மதிப்பெண் யாருக்குக் குறைஞ்சுச்சுன்னு நான் சொல்லணுமா?

---

வடக்குக்காற்று

மூணாம்வருஷம், வரிசை விஷயம் நியாயம். ஒரே நாளில் எல்லாக் குழுவையும் ஓட்டுவதால் வருவது அது. இரண்டு நாளாகப் பிரித்தால் ஓட்டல் செலவு ஏறும் என்று அலுவலகம் முகம் சுளிக்கும். ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

கால்நடை சொன்னதில் "ஒத்திகை" என்பது உறைத்தது. நாங்கள் பெர்லினில் இறங்கின மறுநாளே நடை வைக்கிறோம். மாணவர்கள் இடத்தைத் தெருக்காட்சிப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். இடத்தைப் பார்க்க நேரமே கொடுக்காமல் இடத்தைப் படிக்கும் திறனுக்கு மதிப்பெண் போடுவது என்ன நியாயம்?

இன்னொரு கேள்வி. நாஜிகள் கொன்ற யூதர்களுக்காகக் கட்டிடக் கலைஞர் ஐசன்மன் வடிவமைத்த ஹோலோகாஸ்ட் நினைவிடத்தில் ஒரு குழு ஒன்றுமே பேசவில்லை. 2,711 கற்பாளங்கள், ஒன்றிலும் பெயர் கிடையாது. "தனித்தனியாக உள்ளே போங்கள், பத்து நிமிடத்தில் மறுபக்கம் சந்திப்போம். நடக்கும்போது தரை என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள்" என்றார்கள். மறுபக்கம் வந்ததும் நாலே கேள்வி. எல்லோரும் பேசினார்கள். தரை இறங்க இறங்கத் தெருச் சத்தம் அடங்குவதை ஒருத்தி சொன்னாள். பாளத்தின் மேல் ஏறிக் குதித்த பயணிகளைப் பார்த்துக் கோபம் வந்ததை இன்னொருவன் சொன்னான். நினைவிடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லாமல் விடுவதே ஒரு வடிவமைப்பா என்பதுவரை பேச்சு போனது.

சக ஆசிரியர் அட்டையில் எழுதியது: "அரை மணியில் பத்து நிமிடம் வெற்றிடம்."

---

கால்நடை

வெற்றிடமா! அந்த இடத்தில் வாயை மூடத் தெரிந்தவன்தான் வழிகாட்டி.

---

அளவுகோல்

உணர்ச்சிவசப்படாமல் பார்ப்போம். பேசாமல் விட்டதற்கு மதிப்பெண் கொடுத்தால் அடுத்த வருஷம் எல்லாக் குழுவும் "போய்ப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்கும். எதை வைத்துப் பிரிப்பீர்கள்? போகும்முன் கொடுத்த பணி, வந்தபின் கேட்ட கேள்வி, இந்த இரண்டையும் வைத்துத்தான். "தரை என்ன செய்கிறது" என்பது அருமையான பணி. "எப்படி உணர்கிறீர்கள்" என்று மட்டும் கேட்டிருந்தால் நானும் வெற்றிடம் என்றுதான் எழுதியிருப்பேன்.

---

ஸ்ப்ரேக்கரை

வணக்கம். நான் பெர்லினிலதான் இருக்கிறன், கனகாலமா. உங்கட பெடியள் வந்து நிண்டு கதைக்கிற தெருவுகளில நாங்கள் சாமான் வாங்கப் போறனாங்கள். அதால ரெண்டு விசயம்.

முதலாவது கொட்புஸர் டோர் எண்ட சந்தி. வெளிநாட்டு மாணவர் கூட்டம் வராத கிழமை இல்லை. வந்து வட்டமா நிண்டு, "இது பெர்லினின் ஆபத்தான பகுதி, துருக்கியக் குடியேறிகள், போதைப்பொருள்" எண்டு உரத்துச் சொல்லுவினம். பக்கத்தில பழக்கடையில நிக்கிற மனுசிக்கு ஆங்கிலம் விளங்காது எண்டு நினைப்பு. அந்த மனுசியின்ர பிள்ளை உங்களைவிட நல்லா ஆங்கிலம் கதைக்கும். அதே இடத்தில 2012இல இருந்து வாடகை ஏற்றத்துக்கு எதிரா ஆக்கள் கட்டின ஒரு மரக்கொட்டில் நிண்டது, கெசெகொண்டு எண்டு பேர் வச்சவை. அங்க துருக்கி அம்மாவும் ஜெர்மன் பெடியனும் சேர்ந்து தேத்தண்ணி குடிச்சு, சமூக வீடுகளின்ர வாடகையைப் பற்றி நகரசபையோட மல்லுக்கட்டினவை. அதைச் சொல்லுற குழுவும் வரும், குறைவு. என்ர கேள்வி: இடத்து ஆக்களைக் காட்சிப்பொருளாக்கினதுக்கு உங்கட அட்டையில மதிப்பெண் குறையுமோ?

இரண்டாவது, வீடியோ. மதிப்பெண்ணுக்குச் சாட்சி வேணும் எண்டு முழு நடையையும் படமெடுக்கினம். இஞ்ச தெருவில போறவரின்ர முகத்தை அவரின்ர சம்மதம் இல்லாமல் எடுத்துப் போடுறது சட்டச் சிக்கல். கொட்டியில (நாங்கள் அந்தச் சந்தியை அப்பிடித்தான் சொல்லுறது) கமராவைத் தூக்கினால் யாராவது வந்து கேப்பினம், நல்ல மாதிரிக் கேக்கமாட்டினம்.

---

வடக்குக்காற்று

ஸ்ப்ரேக்கரை அண்ணை, முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: இப்போதைய அட்டையில் குறையாது. குறைய வேண்டும்.

வீடியோ எடுப்பதன் காரணம் வெளித்தேர்வாளர். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர் மதிப்பெண் நியாயமா என்று மாதிரி எடுத்துப் பார்ப்பார். கட்டுரை என்றால் தாளைக் காட்டலாம். நடை காற்றோடு போய்விடுகிறதே. அதனால்தான்.

---

அளவுகோல்

ஒலிப்பதிவு போதும். பேசுகிறவர் சட்டையில் சின்ன மைக், அதோடு பாதை வரைபடம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவர்கள் முன்கூட்டியே கொடுக்கும் அரைப்பக்கக் குறிப்பு, உங்கள் ரெண்டு அட்டை. வெளித்தேர்வாளருக்கு அரை மணி வீடியோவைவிட இது வசதி. ஒருத்தரும் முழு வீடியோ பார்ப்பதில்லை, நம்புங்கள்.

அரைப்பக்கக் குறிப்பில் இன்னொரு லாபம், அதைத் தனித்தனி ஆளாக எழுதச் சொல்லலாம். குழுவில் ஒளிந்துகொண்டு மதிப்பெண் வாங்குகிற ஆள் அங்கே அகப்படுவார்.

---

மூணாம்வருஷம்

அளவுகோல் சார், அங்கதான் பிரச்சினையே. ஆளுக்கு ஒரு நிறுத்தம், ஆளுக்கு ஒரு குறிப்புன்னு வச்சா நடை நடையா இருக்காது. அஞ்சு குட்டி லெக்சர், நடுவுல கொஞ்சம் நடக்குறது. எங்களுக்கு அதான் ஆச்சு. நான் கார்ல் மார்க்ஸ் அலேயோட கட்டிடம் பத்திப் பேசினேன், அடுத்தவன் கிழக்கு ஜெர்மனி அரசுக்கு எதிரான 1953 ஜூன் எழுச்சி பத்திப் பேசினான். அந்த எழுச்சிய ஆரம்பிச்சதே அந்தக் கட்டிடங்களைக் கட்டிக்கிட்டிருந்த தொழிலாளிங்கதான்! அப்ப அந்தத் தெருவுக்கு ஸ்டாலின் அலேன்னு பேர். ரெண்டு பேர்ல ஒருத்தனும் இதைச் சேத்துச் சொல்லல. ஏன்னா அது யாரோட மதிப்பெண்ணும் இல்ல.

---

வடக்குக்காற்று

இது பிரமாதமான உதாரணம் தம்பி. "யாரோட மதிப்பெண்ணும் இல்ல" என்பதை எங்கள் துறைக் கூட்டத்தில் அப்படியே சொல்லப்போகிறேன்.

ஒரு யோசனை: ஒரு நிறுத்தத்தில் பேசாத ஆளிடம் அந்த நிறுத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது. "உன் நண்பன் இப்போது சொன்னது நீ நின்ற முந்தைய இடத்தை எப்படி மாற்றுகிறது?" ஒளிந்துகொள்கிறவனும் அகப்படுவான், இழையும் அறுபடாது.

---

கால்நடை

அது நல்ல கேள்வி. நான் புது வழிகாட்டிகளைப் பழக்கும்போது இன்னொன்று வைப்பேன்: சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விரலை நீட்ட ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடலாம், எதற்கு ஆட்களை நடக்கவைக்கிறாய்? "சுவர் 1961இல் எழுந்தது, 1989இல் விழுந்தது" என்பது வகுப்பறை வாக்கியம். நகர மையத்தில் சுவர் போன வழியில் சாலையிலேயே இரட்டை வரிசைக் கல் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று "இந்தக் கல்லைத் தாண்டிக் கார் ஓடுகிறது பாருங்கள்" என்றால் அது தெரு வாக்கியம்.

---

அளவுகோல்

இல்லாததைக் காட்டுவது எப்படி? பெர்லினில் பாதி விஷயம் இல்லாததுதானே. ஹிட்லரின் நிலவறை இருந்த இடத்தில் இப்போது குடியிருப்பும் கார் நிறுத்துமிடமும். விரலை எங்கே நீட்டுவது?

---

கால்நடை

கார் நிறுத்துமிடத்தைத்தான் நீட்டணும்! ஏன் இங்கே ஒன்றும் கட்டவில்லை, ஏன் 2006 வரை ஒரு தகவல் பலகைகூட வைக்கவில்லை, யார் வந்து பூ வைத்துவிடுவார்களோ என்று பயந்தார்கள், அதற்கு அந்தச் சாதாரணமான கார் நிறுத்துமிடம்தான் சாட்சி. அதே மாதிரி குடியரசு அரண்மனை. கிழக்கு ஜெர்மனி 1976இல் திறந்தது, 2006இல் இடிக்க ஆரம்பித்தார்கள், இப்போது அங்கே பழைய மன்னர் அரண்மனையின் முகப்பைத் திரும்பக் கட்டின ஹம்போல்ட் ஃபோரம் என்ற அருங்காட்சியகம். ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்தால் அந்தச் சுவர் மட்டும் நவீனமாக மொட்டையாக இருக்கும். மாணவன் எந்தப் பக்கம் கூட்டத்தை நிறுத்துகிறான் என்பதிலேயே அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரிந்துவிடும்.

---

மூணாம்வருஷம்

விரல் சோதனை ஏஐ பிரச்சினைக்கும் சரியா வரும். எங்க பேட்ச்ல முக்கால்வாசி ஸ்கிரிப்ட் ஏஐ எழுதினதுதான், எல்லாருக்கும் தெரியும். வழுவழுன்னு இருக்கும். ஒரு குழு பேபல்பிளாட்ஸ்ல ஆரம்பிச்சதும் மழை கொட்டிடுச்சு. பேசிக்கிட்டிருந்தவன் நனைஞ்சுக்கிட்டே ஸ்கிரிப்ட முடிச்சான், ஒருத்தரும் கேக்கல. அடுத்து பேச வேண்டிய பொண்ணு, "வாங்க, ரோட்டைத் தாண்டலாம்"னு எல்லாரையும் நொய அவாக்கெங்கற நினைவிடத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டா. அவங்க பாதைல அது கிடையாது. உள்ள கெத்தெ கோல்விட்ஸ்ங்கற சிற்பியோட சிலை, செத்த மகனை மடில வச்சிருக்கற அம்மா. அந்தக் கூரைல நடுவுல ஓட்டை இருக்கு. மழை நேரா அந்த அம்மா மேல விழுது. அவ சொன்னது: "1993லேர்ந்து இது போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியான எல்லாருக்குமான நினைவிடம். எல்லாருக்கும்னா கொன்னவங்களுக்குமான்னு அப்பவே சண்டை வந்துச்சு. எதிர்ல நாம பார்த்த வெறும் அலமாரி யாருக்கானதுன்னு தெளிவா இருக்கு. இங்க தெளிவா இல்ல." அவ்வளவுதான் பேசினா. ஸ்கிரிப்ட் கிடையாது.

"திட்டமிட்ட பாதையிலிருந்து விலகல்"னு மதிப்பெண் குறைச்சாங்க. நான் சும்மா சொல்லல.

---

கால்நடை

ஐயோ.

---

வடக்குக்காற்று

அந்த "பாதை 15" எங்கள் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது: "சமர்ப்பித்த பாதையைப் பின்பற்றுதல்." பாதுகாப்புப் படிவத்துக்காக எழுதின வரி அது. இடர் மதிப்பீட்டில் எந்தத் தெரு, எந்தக் கடவை என்று முன்னாலேயே கொடுக்க வேண்டும். அது மதிப்பெண் அட்டைக்குள் எப்படி நுழைந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

இனி எனக்கு இன்னும் சிக்கலான ஒன்று. ஒரு குழு ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸெ ரயில் நிலையத்தில் நின்றது. பக்கத்திலேயே ட்ரேனன்பலாஸ்ட், கிழக்கிலிருந்து மேற்கே கிளம்புகிறவர்களைச் சோதித்து அனுப்பிய கூடம். எல்லாக் குழுவும் அங்கே பிரிந்த ஜெர்மன் குடும்பங்களின் கதையைச் சொல்லும். இந்தக் குழுவில் ஒரு மாணவி, பிரிட்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண், தன் அப்பாவின் கதையைச் சொன்னாள். எண்பதுகளில் விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, இந்த நிலையம் வழியாக மேற்கே போய், பிறகு லண்டன். ஆனால் அவள் ஒன்று சேர்த்துச் சொன்னாள்: "இதே கூடத்தின் வழியாகப் போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். படிக்கட்டும் டியூப்லைட்டும்தான் ஞாபகம் என்கிறார்."

சக ஆசிரியர் எழுதியது: "சொந்தக் கதை, ஆதாரம் இல்லை." எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் நானும் தமிழன் என்பதால் சாய்கிறேனோ என்று சந்தேகம்.

---

ஸ்ப்ரேக்கரை

தம்பி, அந்தப் பிள்ளை சொன்னது முழு உண்மை. கிழக்கு பெர்லினின்ர ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கி, இடைத்தங்கல் விசாவோட ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸெக்கு வந்து, எஸ்-பான் எண்ட நகர ரயில் ஏறி மேற்கில இறங்கின எங்கட ஆக்கள் ஆயிரக்கணக்கில. மேற்குப் பக்கம் ஏன் ஒருத்தரும் மறிக்கேல்லை? மேற்கைப் பொறுத்தவரை அது நாட்டு எல்லையே இல்லை. அங்க கடவுச்சீட்டுப் பாத்தால் நகரம் ரெண்டாப் பிரிஞ்சதை அவை ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும். சுவரைக் கட்டினவன் விட்டான், சுவரை எதிர்த்தவன் மறிக்க ஏலாது. அந்த இடுக்குக்குள்ளாலதான் நாங்கள் வந்தது. 1986 அக்டோபரோட, மேற்கின்ர விசா இல்லாதவைக்கு இடைத்தங்கல் இல்லை எண்டு கிழக்கு அந்த வழியை அடைச்சுப்போட்டுது.

இது சொந்தக் கதை மட்டும் இல்லை, ஜெர்மன் அரசியலில பெரிய சண்டை நடந்த விசயம். அந்தக் காலத்துச் செய்தித்தாளிலயும் நாடாளுமன்றப் பதிவிலயும் கிடக்கும்.

---

அளவுகோல்

அப்படியானால் ரெண்டு கேள்வியைப் பிரிக்க வேண்டும். அப்பா கதை ஆதாரமா? ஆம், வாய்மொழிச் சான்று. "இதே கூடமா தெரியாது" என்று அந்தப் பெண் சொன்னது, அந்தச் சான்றின் எல்லையை அவளே கோடு போட்டுக் காட்டியது. அதற்கு மதிப்பெண் ஏற வேண்டும். ஆனால் ஸ்ப்ரேக்கரை ஐயா சொன்ன எல்லைச் சிக்கல், 1986, இதெல்லாம் அவள் சொன்னாளா? சொல்லவில்லை என்றால் கதை மேலே நிற்கிறது, வாதம் கீழே போகவில்லை. முதல் வகுப்பு கொடுப்பேனா? அங்கே தயங்குவேன்.

சாய்வு பற்றி: அதே கதையை ஒரு போலந்து மாணவன் தன் தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் என்ன எண் போட்டிருப்பீர்கள்? அந்த எண்ணைப் போடுங்கள்.

---

ஸ்ப்ரேக்கரை

நீங்கள் சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனால் ஒரு விசயம். முப்பது பேருக்கு முன்னால நிண்டு அகதியின்ர பிள்ளை எண்டு சொல்லுறது லேசில்லை. அதுக்கு மதிப்பெண் தாங்கோ எண்டு கேக்கேல்லை. ஆனா அடுத்த வருசம் உங்கட மாணவர் எல்லாருக்கும் "உங்கள் குடும்பக் கதை இருந்தால் சேருங்கள்" எண்டு அறிவுறுத்தல் எழுதிப்போடாதேங்கோ. சிலருக்கு அது சொல்ல விரும்பாத கதை.

---

மூணாம்வருஷம்

இது முக்கியம். +1

அப்படியே இன்னொன்னு: நடக்க முடியாதவங்க? எங்க கூட ஒரு பொண்ணு ஊன்றுகோல். கல் பதிச்ச தெருவுல ரொம்பக் கஷ்டப்பட்டா. அவளுக்கு மட்டும் "ஓட்டல்ல உக்காந்து ஸ்லைட் போட்டுக் காட்டு"ன்னு சொன்னாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா அவ அழுதா.

---

வடக்குக்காற்று

பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றம் செய்து தரும் கடமை எங்களுக்கு உண்டு. அதுவும் மாணவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஓட்டல் ஸ்லைடு அதற்கு விடையில்லை. ஒரே சதுக்கத்தில் முழு நடையையும் வைக்கலாம். பேபல்பிளாட்ஸில் நின்ற இடத்திலேயே நாலு பக்கம் திரும்பினால் அரை மணிக்குப் போதுமான விஷயம் இருக்கிறது. அதை எல்லாக் குழுவுக்குமே ஒரு தேர்வாகக் கொடுத்துவிட்டால் யாரையும் தனியாக ஒதுக்கின மாதிரி இருக்காது. தூரத்துக்கு மதிப்பெண் கிடையாதே.

சரி, நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து அட்டையைத் திருத்தினேன். எண்கள் போய் முதலில் கேள்விகள்:

இந்த இடத்தில் நின்றால்தான் சொல்ல முடிகிற எதைச் சொன்னார்கள்? (இதற்குத்தான் பெரிய பங்கு.)

ஒரு நிறுத்தம் அடுத்ததை மாற்றியதா? பேசாத ஆளிடம் கேட்டுப் பார்ப்போம்.

தெரிந்தது எது, ஊகம் எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்தார்களா? சார்லி கூண்டு இங்கே அடிபடும், அப்பா கதை இங்கே ஏறும்.

கூட்டத்தையும் மழையையும் சத்தத்தையும் எப்படிச் சமாளித்தார்கள்?

அந்தத் தெருவில் குடியிருப்பவர் பக்கத்தில் நின்று கேட்டால் என்ன நினைப்பார்?

குரல் கேட்டால் தேர்ச்சி, அதற்குமேல் மதிப்பெண் இல்லை. முதல் நாள் முழுக்க ஒத்திகைக்கு விடுகிறேன். பாதை மாறினால் போனில் எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

---

அளவுகோல்

மூன்றாவது கேள்வி அருமை. கடைசிக் கேள்விக்கு யார் மதிப்பெண் போடுவது? நீங்கள் ரெண்டு பேரும் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லையே. நீங்கள் கற்பனை செய்த குடியிருப்பவருக்குப் பிடித்ததா என்று நீங்களே எண் போடுவீர்கள். எடுத்துவிட்டுக் குறிப்புரையாக எழுதுங்கள்.

---

ஸ்ப்ரேக்கரை

எடுக்க வேண்டாம். மதிப்பெண் இல்லாட்டி பெடியள் அதைப் படிக்கவும் மாட்டினம்.

---

மூணாம்வருஷம்

ஸ்ப்ரேக்கரை ஐயா சொல்றது நிஜம். மதிப்பெண் இல்லாத வரிய நாங்க படிக்க மாட்டோம்.

---

வடக்குக்காற்று

இப்போதைக்குப் பத்து மதிப்பெண்ணோடு வைத்திருக்கிறேன். அளவுகோல் திட்டினாலும் பரவாயில்லை. அண்ணை, அடுத்த வசந்தத்தில் கொட்டி நடை நடக்கும்போது உங்களுக்கு வசதிப்பட்டால் கூட்டத்தோடு ஒருவராக வந்து நிற்பீர்களா? எண் போட வேண்டாம். முடிந்ததும் பெடியளோடு கொஞ்சம் கதைத்தால் போதும்.

---

ஸ்ப்ரேக்கரை

வாறன். சனிக்கிழமை மட்டும் வையாதேங்கோ, எனக்கு வேலை.